வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் உப்பு மூட்டையும் மீன் பெட்டியும் ஏற்றும் பிக்கப் வண்டிகள் எங்கள் டயர் கடைக்கு நாள்தோறும் வருகின்றன. அவற்றின் ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் ஸ்டெப்னியைப் பற்றி எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்து, பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். டயர் கெடுவதற்கு முன்பே அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் பொறி கெட்டுவிடுகிறது என்பதே இங்கே நாங்கள் காண்பது; ஆகவே பொறிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றவும்.

1. அண்ணாச்சி, ஸ்டெப்னி அடியில எதுல தொங்குது? ஒரு போல்ட்டையும் காணோமே.

சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறிய வின்ச் பொருத்தப்பட்டிருக்கும். அதன் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி வடம் ரிம்மின் நடு ஓட்டை வழியாகக் கீழே இறங்க, வடத்தின் நுனியில் உள்ள தட்டு ரிம்மை அடியிலிருந்து ஏந்திக்கொள்ளும். சில வண்டிகளில் வடத்துக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும். பின் பம்பரின் அருகில் உள்ள ஒரு துளை வழியாக நீண்ட கம்பியை நுழைத்து வின்ச்சைச் சுற்றினால் சக்கரம் இறங்கும், ஏறும். இன்னோவா, ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் இருப்பதும் இந்த ஏற்பாடுதான்.

எல்லா வண்டிகளும் இப்படி அல்ல. ஒரு பக்கம் கீலும் மறுபக்கம் போல்ட்டும் கொண்ட இரும்புச் சட்டத்தின்மேல் சக்கரத்தைப் படுக்க வைக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் போல்ட்டைக் கழற்றினால் சட்டம் ஒரு பக்கமாகத் தாழும். பெரிய லாரிகளின் கதை தனி. அதைக் கேள்வி 15இல் சொல்லியிருக்கிறேன்.

2. எறக்குற கம்பி எங்க இருக்கும்?

இருக்கைக்குப் பின்னாலோ அடியிலோ, ஜாக்கியோடு சேர்த்து ஒரு பையில் இருக்கும். இரண்டு மூன்று துண்டுகளாக இருப்பதைக் கோத்து ஒரே கம்பியாக்க வேண்டும். பல வண்டிகளில் ஜாக்கியைச் சுழற்றுவதும் இதே கம்பிதான். பழைய வண்டி வாங்குபவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், ஜாக்கியைக்கூடக் கேட்டு வாங்குகிறார்கள், இந்தக் கம்பியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். நுனியின் வடிவம் வின்ச்சுக்கு வின்ச் மாறுவதால், வழியில் யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளிக்கலாம் என்று இருக்க முடியாது. இன்றே எடுத்து, துளையில் நுழைத்து, வின்ச்சில் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3. எறக்குறதுக்கு முறைன்னு எதும் இருக்கா? சும்மா சுத்துனா போதாதா?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுங்கள். கம்பியை நுழைத்து வின்ச்சில் பிடித்ததும், பெரும்பாலான வண்டிகளில், இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சக்கரம் தரையில் அமர்ந்த பிறகும் வடம் தளர்ந்து கிடக்கும் அளவுக்கு இன்னும் சில சுற்றுகள் விடுங்கள். தளர்வு இல்லாவிட்டால் தட்டைச் சாய்த்து ரிம்மின் ஓட்டை வழியாக வெளியே எடுக்க வராது. அதற்காக வடம் முழுவதும் தீரும் வரை சுற்றக் கூடாது. தீர்ந்த பிறகும் அதே திசையில் சுற்றினால் சில வின்ச்சுகளில் வடம் உள்ளே எதிர்ப்புறமாகச் சுற்றிக்கொண்டு சிக்கும்.

பட்டறைகளில் நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கியை வைத்து இதைச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். வேலை சில விநாடியில் முடியும் என்பது உண்மை. ஆனால் வின்ச்சின் பற்கள் கைவிசைக்கு என்று செய்யப்பட்டவை. அவை ஒரு நாள் உடைந்து போனால், அதன் விளைவு உங்களுக்குத்தான், பட்டறைக்காரருக்கு அல்ல.

4. எத்தனை மாசத்துக்கு ஒருக்கா எறக்கிப் பாக்கணும்?

உள்நாட்டில் காய்கறியோ துணியோ ஏற்றும் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் போகிற வண்டிக்கு மாதம் ஒருமுறை என்பதே என் கருத்து. உப்புத் தூள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் எப்போதும் ஒரு நனைந்த படலமாக நிற்கிறது. அந்த உப்புநீரில் துரு பிடிக்கும் வேகம் நல்ல தண்ணீரில் பிடிப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர் தளத்தின் இடுக்குகள் வழியாக நேராக வின்ச்சின் மேலேயே சொட்டுகிறது. ஒழுகும் தண்ணீரை ஒரு குழாய் வைத்துப் பக்கவாட்டில் வெளியேற்றிவிட்டால் பாதித் தொல்லை குறையும். இதைச் செய்திருக்கும் வண்டிகள் எங்கள் ஊரில் மிகக் குறைவு.

இறக்கிப் பார்க்கும்போது முழுவதுமாக இறக்குங்கள். வடத்தில் அறுந்த இழைகள், செம்பழுப்புத் துரு, நசுங்கல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி ஏற்றிவிடுங்கள்.

5. வடத்துக்கு கிரீஸ் நல்லா அப்பிட்டா துரு பிடிக்காதுல்லா?

கெட்டியான கிரீஸை மேலே அப்பினால் மணலும் உப்பும் அதில் ஒட்டி, வடம் சுருளும்போது இழைகளுக்கு இடையே புகுந்து அரைக்கும். மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் இழைகளின் உள்ளே எதுவும் போயிருக்காது. இளகிய எண்ணெய், அல்லது வடங்களுக்கென்றே கிடைக்கும் ஸ்பிரே, உள்ளே ஊறும். வடத்தை முழுவதும் வெளியே விட்டு, ஊறவைத்து, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது டயர்மேல் சொட்டும், எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பர் ஊதி மென்மையாகிக் கெடும். டீசலுக்கும் இதே பதில்தான்.

6. காத்து செக் பண்ண ஒவ்வொரு தடவையும் எறக்கணுமா சார்?

வால்வு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுகிற வண்டிகளில் தேவையில்லை. பின்னாலிருந்து குனிந்து கையை நீட்டினாலே எட்டும். வால்வு மேல்நோக்கி இருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும். வசதிக்காகச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மாட்டலாமா என்று உடனே கேட்பார்கள். ரிம்மின் எந்த முகத்தில் தட்டு பொருந்த வேண்டும் என்று கணக்கிட்டே வின்ச்சும், டயர் மேலேறி அழுந்தி நிற்கும் தாங்கிகளும் அமைக்கப்பட்டிருப்பதால், திருப்பிப் போட்டால் தட்டு சரியாக உட்காராமல் போகலாம். கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து, அதன்படி மாட்டுங்கள்.

நல்ல நிலையில் உள்ள டயரும் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. காற்றை இழக்கும். ஓராண்டு கவனிக்காமல் விட்ட ஸ்டெப்னி, தேவைப்படும் நேரத்தில் சுமை தாங்காத டயராக இருக்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில், முழுச் சுமையோடு பின் சக்கரத்துக்குச் சொல்லியிருக்கும் அளவையே ஸ்டெப்னியில் வையுங்கள். முன் சக்கரத்துக்கு மாட்ட நேர்ந்தால் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம்; நடுவழியில் ஏற்றுவதுதான் கடினம்.

7. கம்பி சுத்துது, ஸ்டெப்னி மட்டும் எறங்க மாட்டேங்கு. என்ன செய்ய?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நிலையில் கம்பி சுற்றவே மறுக்கும்: உள்ளே துரு பிடித்திருக்கிறது. துரு இளக்கும் ஸ்பிரேயை வின்ச்சின் மேலும் கம்பி நுழையும் வாயிலும் அடித்து, ஊறவிட்டு, முதலில் சற்று ஏற்றும் திசையிலும் பிறகு இறக்கும் திசையிலுமாக மாற்றி மாற்றி அசையுங்கள். கம்பியின் பிடியில் குழாயைச் செருகி நெம்பினால் நுனி உருண்டு வழுக்கத் தொடங்கும்; அதன் பிறகு அந்த வின்ச் எதற்கும் பிடி கொடுக்காது.

இரண்டாம் நிலையில் கம்பி சுற்றும், வடமும் தளரும், சக்கரம் மட்டும் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சேறும் துருவும் டயரைத் தாங்கியோடு பிடித்துவைத்திருக்கலாம். அல்லது, வடம் அறுந்தாலும் சக்கரம் விழாதிருக்க வைத்திருக்கும் இரண்டாவது கொக்கி மாட்டிக்கொண்டிருக்கலாம்; அது உள்ள வண்டிகளில் வடத்தை மறுபடி இறுகும் வரை ஏற்றி, பிறகு இறக்கினால் கொக்கி விடுபடும். அதுவும் பலிக்கவில்லையென்றால், வண்டிக்கு வெளியே நின்றபடி நீண்ட லிவரைப் பக்கவாட்டில் கொடுத்து டயரைக் கீழே அழுத்துங்கள். தலையோ கையோ காலோ அடியில் இருக்கவே கூடாது. முப்பது கிலோ எடையுள்ள சக்கரம் பிடி விட்டதும் ஒரே அடியாக விழும், முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

மூன்றாம் நிலையில் கம்பி எந்த எதிர்ப்பும் இல்லாமல் வெறுமனே சுழலும். பெரும்பாலும் நுனி வின்ச்சைச் சேரவே இல்லை; டார்ச் அடித்துப் பாருங்கள். வழிகாட்டும் குழாயில் சேறு அடைத்திருக்கும், அல்லது பின்னால் எப்போதோ இடித்ததில் பம்பர் வளைந்து குழாய் கோணியிருக்கும். நுனி சேர்ந்தும் வெறுமனே சுழன்றால் உள்ளே பற்கள் போய்விட்டன என்று பொருள். அப்போது சக்கரத்துக்கு அடியில் கட்டைகளை அடுக்கி எடையைத் தாங்கவைத்து, வடத்தைக் கம்பி வெட்டும் கருவியால் வெட்ட வேண்டும். கேஸ் கட்டர் வேண்டாம்: டயரும் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் அருகருகே இருக்கும் இடம் அது.

8. பின் டயர் பஞ்சர். வண்டி தாழ்ந்துபோய் ஸ்டெப்னியை வெளிய இழுக்க முடியல. லோடு வேற இருக்கு.

வரிசை முக்கியம். ஜாக்கி போடுவதற்கு முன்பே, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே, கேள்வி 3இல் சொன்னபடி ஸ்டெப்னியை இறக்குங்கள். வெளியே இழுக்க இடைவெளி போதவில்லையென்றால், சக்கர நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வைத்து, பஞ்சரான பக்கத்தை உயர்த்துங்கள். பிறகு ஒரு கொக்கியாலோ இறக்கும் கம்பியாலோ சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் உடலை நுழைப்பது எந்த அவசரத்திலும் கூடாது. எடுத்த ஸ்டெப்னியை, நட்டுகளைக் கழற்றும் நேரத்தில், சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுவதுமாகத் தரையில் விழாது.

வண்டியோடு வரும் ஜாக்கி அனுமதிக்கப்பட்ட சுமைக்கு உரியது. அதற்கு மேல் மூட்டை அடுக்கியிருந்தால் அந்தப் பக்கத்து மூட்டைகளை இறக்காமல் தூக்க முயலாதீர்கள். மதுரை, திருநெல்வேலிச் சாலைகளில் இரவில் மாட்டிக்கொண்டால் எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தொலைவில் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ அழையுங்கள். ஓட்டுநர்கள் பலருக்கு இந்த எண் தெரியவில்லை.

9. பஞ்சரான டயரை அப்படியே அடியில ஏத்தி மாட்டலாமா?

மாட்டலாம், ஒரு கவனத்தோடு. காற்று நிறைந்த டயர் தாங்கிகளின்மேல் அழுத்தமாக உட்காரும். காற்றில்லாத டயர் அழுங்கிக்கொடுப்பதால், முதலில் இறுகியதுபோல் தோன்றிச் சில கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். தட்டு ரிம்மின் ஓட்டையில் நேராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி ஏற்றுங்கள். பல வின்ச்சுகளில் முழுவதும் இறுகியதும் ‘கடக்’ என்று சத்தம் வந்து கம்பி வழுக்கும். அது பழுதல்ல, வடம் அளவுக்கு மேல் இழுபடாமல் காப்பதற்கான ஏற்பாடு. பின்பு டயரைக் கையால் ஆட்டிப் பார்த்து, அடுத்து நிறுத்தும் இடத்தில் மறுபடி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளையும் ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் இறுக்க வேண்டும்.

10. அலாய் வீல் போட்டுட்டேன். ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு வீல். பரவாயில்லையா?

டயரின் வெளிவிட்டம் ஒன்றாக இருந்தால் ஓடுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் இரண்டு இடங்களில் வரும். அலாய் வீலின் நட்டு இரும்பு ரிம்மின் இருக்கையில் பொருந்தாமல் போகலாம். அப்படியானால் பழைய நட்டுகளையும் வண்டியில் வைத்திருக்க வேண்டும். அடுத்தது, பஞ்சரான அலாய் வீலை அடியில் தொங்கவிடும்போது அதன் நடு ஓட்டை தட்டுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது. வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டால் இரண்டும் தெரிந்துவிடும்.

பெரிய அளவு டயருக்கு மாறியவர்கள் ஸ்டெப்னியையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது சைலன்சரிலோ பம்பரிலோ முட்டலாம். வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

11. ஓடும்போது ஸ்டெப்னி கழண்டு விழுமா, சும்மா பயமுறுத்துறாங்களா?

விழும். 2010இல் டொயோட்டா, அமெரிக்காவில் 1998 முதல் 2010 வரையிலான சியன்னா என்ற வேன்களில் ஏறத்தாழ 6 லட்சத்தைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே இதுதான். குளிர் மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு ஸ்டெப்னியைத் தாங்கும் வடத்தை அரித்து, சக்கரம் சாலையில் விழும் நிலை உண்டானது. அங்கே குளிர்காலத்தில் மட்டும் சாலைக்கு வருகிற உப்பு, இங்கே நாம் ஏற்றும் சரக்காகவே ஆண்டு முழுவதும் வண்டியில் இருக்கிறது.

விழுவதற்கு முன் அறிகுறிகள் தெரியும்: மேடுபள்ளத்தில் பின்னால் ‘டொக் டொக்’ என்ற சத்தம், பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சரிந்த டயர், டயரின் பக்கவாட்டில் தேய்ந்த தழும்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே இறக்கிப் பாருங்கள்.

12. வடம் அறுந்துபோச்சு. நைலான் கயிறு போட்டுக் கட்டிக்கிடலாமா?

சைலன்சரின் சூட்டில் நைலான் இளகும், உராய்வில் அறுபடும். பட்டறை வரை போய்ச் சேர வேண்டுமானால் சக்கரத்தைத் தளத்தில் ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். அறுந்த வடத்தைக் கிளாம்ப் போட்டு இணைப்பதையும் நான் ஏற்பதில்லை. இணைத்த இடம் உருளையில் சுருளாது, மிச்ச வடமும் அதே அளவு அரித்திருக்கும். வின்ச்சை முழுவதுமாக மாற்றுவதுதான் முறை.

13. ராத்திரி நிறுத்துன எடத்துல ஸ்டெப்னியைக் கழத்திட்டுப் போயிட்டாங்க. வெல்டிங் வச்சிரலாமா?

வெல்டிங் வைத்தால் திருடனும் எடுக்க முடியாது, நீங்களும் எடுக்க முடியாது. கம்பி நுழையும் துளைக்குப் பூட்டு கிடைக்கிறது, ஆனால் வடத்தையே வெட்டுபவனை அது தடுக்காது. ரிம்மின் துளைகள் வழியாகச் சேசிஸைச் சுற்றித் தடித்த சங்கிலி போட்டுப் பூட்டுவது மேல். வடம் வெட்டப்பட்டாலும், கேள்வி 11இல் சொன்னபடி அரித்து அறுந்தாலும், சக்கரம் சங்கிலியில் நிற்கும். பூட்டின்மேல் பழைய டியூப் துண்டை மாட்டி மறைத்து, சாவித் துளையில் அவ்வப்போது எண்ணெய் விடாவிட்டால், உப்புக்காற்றில் சில மாதங்களிலேயே சாவி திரும்பாது. டயரின் பக்கவாட்டு எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது உதவும்.

14. ஸ்டெப்னி புத்தம் புதுசு, ஒரு கிலோமீட்டர் ஓடல. எட்டு வருசம் ஆச்சு. ஓட்டலாம்லா?

பட்டன் (சாலையில் படும் ரப்பர் வரிகள்) தேயாததால் டயர் புதியது என்று கருத முடியாது. ரப்பருக்கு ஓட்டத்தைப் போலவே காலமும் சூடும் கேடு. பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து ஆண்டு கடந்ததை ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்தாண்டு ஆனதை ஸ்டெப்னியே ஆனாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் மிஷெலின் போன்ற நிறுவனங்கள் சொல்கின்றன. எட்டு ஆண்டு ஆனதில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் சுமையோடு அதை நம்ப வேண்டாம். ஐந்து சக்கரங்களும் ஒரே அளவாக இருந்தால், டயர்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்ப்பது நல்லது. அது வீணாக முதுமையடையாது, வின்ச்சும் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, கழித்துப்போட்ட மொட்டை டயரை ஸ்டெப்னியாகத் தொங்கவிடுபவர்களும் உண்டு. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் சாலையில் ஓடவே கூடாதது. அவசரத்துக்கு என்பதால் அதன் பிடிப்பு கூடிவிடாது.

15. லாரி ஸ்டெப்னிக்கும் இதே முறைதானா?

கோட்பாடு ஒன்று, எடை வேறு. இருபது அங்குல லாரிச் சக்கரம் ரிம்மோடு நூறு கிலோவை நெருங்கும். ஒருவராக இறக்காதீர்கள், கிளீனர் ஒரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சங்கிலியிலோ வின்ச்சிலோ மெல்ல இறக்குங்கள். டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் பூட்டு வளையம் உள்ள ரிம்மானால், ஏற்றும் முன் வளையம் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையம் விலகிய சக்கரத்தில் காற்றடித்தால் வளையம் தெறித்து ஆளைக் கொல்லும். அந்த வேலையை, காற்றடிக்கும்போது சக்கரத்தை உள்ளே வைக்கும் இரும்புக் கூண்டு உள்ள கடையில் செய்துகொள்ளுங்கள்.

16. இனிமே ஸ்டெப்னியே கட்டாயம் இல்லையாமே? நியூஸ்ல வந்துச்சே.

2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தைத்தான் குறிப்பிடுகிறீர்கள். மொத்த எடை 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் கார்களில், டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கருவித்தொகுப்பு, டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்கிறது அது. சரக்கு வண்டிக்கு இது பொருந்தாது.

17. அடியில வச்சாத்தான் இவ்வளவு தொல்லை. மேல தூக்கி வச்சிரலாமா?

மீனும் உப்பும் மட்டுமே ஏற்றுகிற வண்டிக்கு இது மோசமான யோசனை அல்ல. கேபினுக்குப் பின்னால், தளத்தின் முன்பலகையை ஒட்டி, சக்கரத்தை நிமிர்த்தி இரும்புப் பட்டையால் போல்ட் போட்டுப் பிடித்துவிடலாம். இடம் கொஞ்சம் போகும். லோடு ஏற்றிய பிறகு எடுக்க வேண்டுமானால் சரக்கை நகர்த்த வேண்டியும் வரும். கயிற்றால் மட்டும் கட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் சக்கரம் கிளம்பினால் முன்பலகை தாங்காது. அடியில் காலியாக நிற்கும் வின்ச்சையும் மறந்துவிடாமல், வடத்தை முழுவதும் மேலே சுற்றி, தட்டு தாங்கியில் ஒட்டும்வரை இறுக்கிவையுங்கள்; தொங்கவிட்டால் அது ஆட்டத்தில் பிரேக் குழாயை அடித்துக்கொண்டே வரும்.